சும்மா கிடக்கும் பிரிண்டர் குடிக்கும் மை

மாதம் 20 பக்கம் அச்சடிக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஹால் டிக்கெட், பட்டா நகல், ஆதார், எப்போதாவது ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். நான்கு வருடத்தில் 960 தாள். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள் ஒன்று 4.7 கிராம் இருக்கும். 960 தாளும் சேர்ந்து நாலரை கிலோ. அவற்றை அச்சடித்த பிரிண்டரின் எடை? எப்சன் எல்3210 போன்ற, பாட்டிலிலிருந்து மை ஊற்றும் சாதாரண இங்க் டேங்க் மாடலே சுமார் 4 கிலோ.

நாலாவது வருடம் அந்த பிரிண்டர் மூலையில் போடப்பட்டால், தாள் எவ்வளவு செலவானதோ ஏறக்குறைய அதே எடைக்கு பிளாஸ்டிக், இரும்பு, மோட்டார், சர்க்யூட் போர்டு, மை ஊறிய பஞ்சு எல்லாம் குப்பைக்கு வந்துவிடுகிறது. தாள் பழைய பேப்பர் கடைக்குப் போனால் அட்டையாகத் திரும்பும். மற்றதற்கு அவ்வளவு சுலபமான வழி கிடையாது.

அச்சையும் சுற்றுச்சூழலையும் பற்றிய பேச்சு எப்போதும் மரத்தைச் சுற்றியே வருகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் பக்கம் தள்ளும் ஆபீசுக்கு அது சரி, அங்கே தாள்தான் பெரிய செலவு. அதிலும் நம் பக்கம் ஒரு வேறுபாடு உண்டு. தமிழக அரசு 1979-இல் தொடங்கிய டி.என்.பி.எல். காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறது. வேலூர் பக்கம் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டருக்குப் பின்னால் திருவலம் ரோட்டில் ஊர்ந்துபோன யாருக்கும் சக்கை என்றால் என்ன, எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. சக்கைத் தாளுக்கும் தண்ணீர், ரசாயனம், மின்சாரம் எல்லாம் வேண்டும்தான். ஆனாலும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மரம் சாய்வதாகக் கணக்குப் போடுவது இங்கே பொருந்தாது.

குறைவாக அச்சடிக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு: தாளில் விழாமல் பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சுக்குப் போகும் மை, காலத்துக்கு முன்பே சாகும் இயந்திரம்.

வாங்குவதா, கடைக்குப் போவதா

மாதம் 30 பக்கத்துக்குக் கீழே என்றால் பிரிண்டர் வாங்காமல் இருப்பதே நல்லது. இது என் கணிப்பு, யாரும் வகுத்த எல்லை அல்ல. வேலூரில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ், கோர்ட் பக்கமும், சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே ஐடா ஸ்கடர் ரோட்டிலும், காட்பாடியில் வி.ஐ.டி. ஓரத்திலும் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கடை இயந்திரம் நாள் முழுக்க ஓடுகிறது. டிரம் (எழுத்தைத் தாளுக்கு மாற்றும் உருளை), டோனர் (மைப்பொடி), ஃப்யூசர் (பொடியைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பகுதி) எல்லாம் தேயும்வரை உழைத்துவிட்டுத்தான் போகும். ஒரு பக்கத்துக்கு அந்த இயந்திரத்திலிருந்து விழும் பங்கு மிகக் குறைவு. வீட்டு பிரிண்டர் தன் ஆயுளில் செய்யக்கூடிய வேலையில் கொஞ்சத்தைக்கூடச் செய்யாமல் செத்துப்போகிறது.

ஆனால் ஒரு பக்கத்துக்காகத் தனியாக வண்டியை எடுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் போகவர 6 கிலோமீட்டர் என்றால் 120 மில்லி பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக அந்த ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 275 கிராம். ஒரு தாளைச் செய்த கணக்கு சில கிராம்தான். எனவே கடைக்குப் போவதென்றால் காய்கறி, மருந்து, பால் என்று ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துப் போக வேண்டும். அச்சடிக்க வேண்டியதை போனில் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை முடித்துவிடலாம்.

கடைக்காரர் நம்பருக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லோரும் செய்வது. அனுப்பத்தான் வேண்டும் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கி அனுப்புங்கள், அச்சு வந்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள். பென் டிரைவ் இருந்தால் இன்னும் நல்லது, வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்பதைத் தவிர.

அச்சே தேவைப்படாதவையும் நிறைய. ரயில் ஈ-டிக்கெட்டுக்குப் போனில் வந்த செய்தியும் அசல் அடையாள அட்டையும் போதும். டிஜிலாக்கரில் இருக்கும் டிரைவிங் லைசன்சும் ஆர்.சி.யும் செல்லும். இருந்தும் ‘எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்’ என்று அச்சடித்துப் பையில் வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

எந்த இயந்திரம்

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடையில் முதலில் கேட்பது விலை. கேட்க வேண்டியது, எத்தனை நாள் சும்மா கிடக்கும் என்பதை.

வாரக்கணக்கில் தொடாத வீட்டுக்குக் கருப்பு-வெள்ளை லேசர்தான் சரி. டோனர் பொடி காய்ந்துபோகாது, அடைக்காது. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் முதல் பக்கமே ஒழுங்காக வரும். வாரம் இரண்டு மூன்று முறையாவது வண்ணத்தில் அச்சடிக்கும் வீட்டுக்கு இங்க் டேங்க். வருடத்துக்கு நாலு வண்ணப் பக்கம் என்றால் அதைக் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், அதற்காக நாலு டேங்க் மையைக் காயவிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விலை குறைவு என்பதற்காக வாங்கும் சின்ன கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்தான் இருப்பதிலேயே மோசமான பேரம். சிறிய கார்ட்ரிட்ஜ் ஒன்றில் நூறு, நூற்றைம்பது பக்கம் வந்தால் அதிகம். மேலே சொன்ன 960 பக்கத்துக்குக் கருப்பு மட்டுமே ஏழு முதல் பத்து கார்ட்ரிட்ஜ். பலவற்றில் மை தெளிக்கும் ஹெட்டே கார்ட்ரிட்ஜோடு சேர்ந்திருக்கும். சில மில்லி மை தீர்ந்ததும் நல்ல நிலையில் இருக்கும் ஹெட்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம். மூன்று வண்ணம் ஒரே கார்ட்ரிட்ஜில் இருந்தால் மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மற்ற இரண்டும் கூடவே போகும்.

டேங்க் பிரிண்டரின் கணக்கு வேறு. எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மில்லி. 4,500 பக்கம் வரும் என்று கம்பெனி போட்டிருக்கிறது. 100 பக்கத்துக்கு ஒன்றரை மில்லிகூட இல்லை. இந்த எண்ணிக்கை தாளில் சுமார் 5 சதவீதப் பரப்பில் மை விழும் சாதாரணப் பக்கத்துக்கானது. கறுப்புப் பின்னணியில் கோள்களும் நட்சத்திரங்களுமாக வரும் அறிவியல் ப்ராஜெக்டுக்கு அது பொருந்தாது. பெட்டியோடு வரும் முதல் பாட்டிலிலும் ஒரு பகுதி குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பவே போய்விடும்.

லேசர் வாங்குபவர்கள் கவனிக்க ஒன்று: டோனரை உருக்கும் ஃப்யூசர் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக வேண்டும், அந்த நொடியில் சில நூறு வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் போட்டால் டிரிப் ஆகலாம், சின்ன யு.பி.எஸ். என்றால் அதுவே போய்விடலாம். நேரே சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். அச்சடிக்கும்போது படுக்கையறையில் இல்லாமல் காற்றோட்டமான இடத்தில் இருந்தால் நல்லது. ஃப்யூசர் சூட்டில் மிக நுண்ணிய துகள்கள் காற்றில் வரும்.

பஞ்சுக்குப் போகும் மை

இங்க்ஜெட் பிரிண்டரை அணைத்ததும் உள்ளே ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். மூடிக்கு அடியில் ஒரு சின்ன பம்ப். ஹெட் கிளீனிங் கொடுக்கும்போது அந்த பம்ப் துளைகள் வழியே மையை உறிஞ்சிக் கீழே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. வேஸ்ட் இங்க் பேட் என்பது அதுதான். மாதம் 20 கருப்புப் பக்கத்துக்குத் தாளில் விழும் மை 0.3 மில்லி. ஒரே ஒரு ஹெட் கிளீனிங் அதைவிட அதிகமாகப் பஞ்சுக்கு அனுப்பிவிடும், அதுவும் நாலு வண்ணத்திலும். ஆக, குறைவாக அச்சடித்து மையை மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் வீட்டில்தான் மை அதிகம் வீணாகிறது.

இங்கே வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது ஒரு செய்தியே இல்லை. மொட்டை மாடி அறையில், மேற்கு ஜன்னல் ஓரத்தில் வைத்த பிரிண்டரில் மை கெட்டியாகித் துளை அடைக்க அதிக நாள் வேண்டாம். கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவர் ஓரத்தில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய காரணம் சுவிட்ச்போர்டு. ‘கரண்ட் வீண்’ என்று பலர் பிரிண்டரின் பட்டனைத் தொடாமல் சுவரிலேயே அணைக்கிறார்கள். அச்சு முடிந்த கையோடு அப்படி அணைத்தால் ஹெட் மூடியில் சரியாக உட்காராமல் திறந்தபடி நின்றுவிடலாம். மூன்று நாளில் கருப்பில் கோடு விழும், அப்புறம் கிளீனிங், அப்புறம் பஞ்சு. முதலில் பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்து, உள்ளே சத்தம் நிற்கும்வரை பொறுத்து, பிறகு சுவர் சுவிட்ச். சொல்லப்போனால் பட்டனில் அணைத்தாலே போதும். ஒரு வாட் எடுக்கும் கருவியை வருடம் முழுக்க விட்டுவைத்தால்கூட 9 யூனிட்டுக்குள்தான் ஆகும், பட்டனில் அணைத்த இங்க்ஜெட் அதைவிடக் குறைவாகவே எடுக்கும். இதைச் சேமிக்கப் போய் ஒரு ஹெட்டை இழப்பதில் லாபமில்லை.

துளை அடைக்காமல் இருக்க வழி வாரம் ஒருமுறை நாசில் செக், அதாவது எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம். வெயில் காலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை. எப்சன் எல்3110, எல்3210 போன்றவற்றில் அணைத்த நிலையில் ஸ்டாப் பட்டனை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் கம்ப்யூட்டர் இல்லாமலேயே அந்தப் பக்கம் வரும். அதற்குப் போகும் மை சொற்பம். தாளின் ஒரு முனையில்தான் கட்டம் விழும் என்பதால் அதே தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று ஒரு தாளில் நாலு வாரம் ஓட்டலாம். மேலேயே தேதியைப் பென்சிலில் எழுதி பிரிண்டர் மேல் வைத்திருங்கள். எந்த வண்ணம் எப்போது மங்க ஆரம்பித்தது என்று அந்த ஒரு தாளே சொல்லிவிடும்.

கட்டத்தில் கோடுகள் விட்டுப்போயிருந்தால் மட்டும் கிளீனிங். ஒருமுறை கொடுத்து மறுபடி நாசில் செக். கேனான் ஜி வரிசையில் கருப்பை மட்டும், வண்ணத்தை மட்டும் என்று தனியாகச் சுத்தம் செய்யலாம். அடைத்தது கருப்பு என்றால் மற்றதைத் தொட வேண்டாம். மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்துக் கொடுப்பதில் பயனில்லை. அணைத்துவிட்டு 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். குழாயில் சேர்ந்த காற்றுக் குமிழ் மேலேறவும், காய்ந்த மை இளகவும் அந்த நேரம் வேண்டும். மறுநாள் காலை பல நேரம் தானாகச் சரியாகியிருக்கும். பவர் கிளீனிங் என்பது கடைசி ஆயுதம். குழாய் முழுக்க இருக்கும் மையை அது மாற்றிவிடும். டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மை இருக்கும்போது அதைக் கொடுத்தால் காற்றை உறிஞ்சி நிலைமை இன்னும் மோசமாகும்.

டேங்கில் கீழ்க்கோட்டுக்கு இறங்கும்வரை விடுவதும் இதே கதையில்தான் முடியும். கோட்டைத் தொடும் முன்பே நிரப்புங்கள். லிட்டர் கணக்கில் விற்கும் பொது மையை ஊற்றும்போது டை மையா (நீரில் கரைந்த சாயம்), பிக்மென்ட் மையா (கரையாத நுண்துகள்) என்று பார்க்க வேண்டும். எப்சன் 003-இல் நாலும் டை. கேனான் ஜி வரிசையின் ஜி.ஐ.-790 கருப்பு பிக்மென்ட். இரண்டும் கலந்தால் துகள் திரண்டு ஹெட் அடைக்கும், அதைக் கிளீனிங்கால் மீட்பது கடினம். வீடு மாற்றும்போது சாய்க்காமல் கொண்டுபோங்கள். பழைய எல் வரிசை மாடல்கள் சிலவற்றில் குழாயை மூடும் போக்குவரத்துப் பூட்டு உண்டு, அதைத் திருப்பிவிட்டுத்தான் தூக்க வேண்டும். புது வீட்டில் மறக்காமல் திறக்கவும் வேண்டும். திறக்க மறந்து அச்சடித்தால் ஹெட்டுக்கு மை வராது. அடைப்பு என்று நினைத்து கிளீனிங் மேல் கிளீனிங் ஓடும்.

பஞ்சு எவ்வளவு நிறைந்தது என்பதை பிரிண்டர் நேரில் பார்ப்பதில்லை. எத்தனை கிளீனிங் ஓடியது என்று எண்ணி ஒரு அளவு வந்ததும் நின்றுவிடும். எப்சனில் இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னும், கேனானில் 5பி00 என்று வரும். நிறைய பிரிண்டர்கள் காயலான் கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான், வேறு எந்தப் பழுதும் இல்லாமல். சர்வீஸ் கடைகளில் சாஃப்ட்வேர் வைத்து எண்ணிக்கையை மட்டும் ரீசெட் செய்து கொடுப்பதும் உண்டு. உள்ளே பஞ்சு நனைந்தபடியே இருக்கும், சில மாதத்தில் மேசையில் கறுப்பாக மை வழியும். ரீசெட் செய்யக் கொடுக்கும்போதே பேட் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எல்3110, எல்3210 போன்றவற்றில் அது பின்புறம் திருகு கழற்றினால் வெளியே வரும் ஒரு சின்னப் பெட்டி. கையுறை போட்டு, கீழே நாலு மடிப்பு நியூஸ்பேப்பர் விரித்து, பெட்டியோடு இணைந்த குழாயை மெதுவாக உருவி, புதியதை வைத்துக் குழாயைத் திரும்பச் செருக வேண்டும். குழாயைச் செருக மறந்தால் அடுத்த கிளீனிங் மை முழுக்க பிரிண்டரின் அடித்தட்டில் நிற்கும். விலை கூடிய சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று இதையே நாம் மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது இதையும் பாருங்கள்.

பழைய பஞ்சைக் குழாயடியில் அலசிப் பிழிந்து திரும்பப் போடும் வீடியோக்கள் ஏராளம். பிழியப் பிழிய நாலு வண்ணத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். இந்த ஊர்ச் சாக்கடையும் நிக்கல்சன் கால்வாயும் போய்ச் சேரும் இடம் பாலாறு. அலசாமல், கெட்டியான கவரில் போட்டுக் கட்டி, பல்பு, பெயின்ட் டப்பா போன்ற வீட்டு அபாயக் கழிவோடு தனியாகக் கொடுங்கள்.

பாலாற்றைச் சொன்னதால் ஒன்று. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. இன்று பிரிண்டர் விற்கும் கம்பெனி பழைய பிரிண்டரின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்று மின்னணுக் கழிவு விதிகள் சொல்வதும் அந்த வழியில் வந்ததுதான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின் பட்டியலில் பிரிண்டர் என்பதோடு நிறுத்தாமல் கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். காலி கார்ட்ரிட்ஜ் சாதாரணக் குப்பை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

டோனர் ரீஃபில்

டோனரை மைப்பொடி என்கிறோம். உண்மையில் அது நிறமேற்றிய பிளாஸ்டிக் பொடி. ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கொட்டினால் வீட்டு வேக்குவம் கிளீனரில் உறிஞ்சக் கூடாது; ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்கட்டும். சுடுதண்ணீரில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எச்.பி. 1020, கேனான் எல்.பி.பி. 2900 இரண்டும் வந்து எத்தனையோ வருடமாகியும் இன்னும் கடைகளில் ஓடுவதற்குக் காரணம் ரீஃபில். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கார்ட்ரிட்ஜ்தான், 12ஏ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு நிரப்புக்கு 2,000 பக்கம், ரீஃபிலைத் தடுக்கும் சிப் தொல்லை கிடையாது. நல்ல ரீஃபில்காரர் இரண்டு பக்கப் பின்னையும் எடுத்துக் கார்ட்ரிட்ஜை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதியில் புதுப் பொடி போகும். மறு பாதியில் டிரம்மிலிருந்து வழித்த கழிவுப் பொடி சேர்ந்திருக்கும், அதைக் கொட்டிவிட்டுத்தான் மூட வேண்டும். அவசரக் கடைகளில் பிரிக்காமல் மூடியைத் திறந்து பொடியை மட்டும் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டாவது ரீஃபிலில் கழிவு அறை நிறைந்து பக்கம் முழுக்கப் பொடி சிந்தும், கார்ட்ரிட்ஜே போச்சு என்று புதிது வாங்க வைப்பார்கள். ஆகவே கொடுக்கும்போதே கேளுங்கள்: பிரிப்பீர்களா, கழிவுப் பொடியை எதில் கொட்டுவீர்கள்? மூடிய டப்பா என்றால் நம்பலாம். கையை நீட்டிக் கடை வாசல் கால்வாயைக் காட்டினால் வேறு கடை பாருங்கள்.

குறை எங்கே என்று பக்கத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். மேலிருந்து கீழாக நேர் கறுப்புக் கோடு என்றால் டிரம்மில் கீறல், அல்லது டிரம்மை வழிக்கும் வைப்பர் பிளேடு தேய்ந்திருக்கிறது. ஒரே புள்ளி சுமார் 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் டிரம், ஏனென்றால் 12ஏ டிரம்மின் சுற்றளவு அவ்வளவு. பக்கம் முழுக்கச் சாம்பல் படர்ந்தால் மட்டமான பொடி, அல்லது டிரம்முக்கு மின்னூட்டம் தரும் சார்ஜ் ரோலர் அழுக்கு. தொட்டால் எழுத்து கையோடு வந்தால் ஃப்யூசரின் டெஃப்லான் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்ற முடியும். இதில் எதற்கும் புது பிரிண்டர் தேவையில்லை. டிரம்மும் பிளேடும் தனியாகக் கிடைக்கும், மூன்று நான்கு ரீஃபிலுக்கு ஒருமுறை மாற்றினால் ஒரே கூடு வருடக்கணக்கில் ஓடும்.

தமிழ் எழுத்து பிடிக்கும் இடம்

தமிழில் அடிக்கும்போது பக்கம் கூடுவது எல்லோரும் கண்டதுதான். லதா எழுத்துரு அகலம், வரிகளுக்கு நடுவே விடும் இடமும் அதிகம். அதே கட்டுரையை விஜயா, நிர்மலா என்று மாற்றிப் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். விஜயா அதே அளவில் சிறியதாகத் தெரியும், ஒன்றிரண்டு புள்ளி கூட்டினாலும் இடம் மிச்சமாகும். வேர்டில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து, 12 புள்ளி எழுத்துக்கு 17, 18 கொடுத்துப் பாருங்கள். ரொம்ப இறுக்கினால் மெய்யின் மேல்புள்ளி வெட்டுப்படும், கூ, ழு போன்றவற்றின் வால் காணாமல் போகும். ஒரு பக்கம் சோதித்துவிட்டு மீதியை அனுப்புங்கள். இணையப் பக்கத்தை அச்சடிக்கும்போது ரீடர் மோடில் வைத்து, பின்னணிப் படங்களையும் தலைப்பு-அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டால் கடைசித் தாளில் ஒரே ஒரு முகவரி வரி மட்டும் வருவது நிற்கும்.

இருபக்கம் கையால் அச்சடிக்கும்போது பெரும்பாலும் தாள் வீணாவது எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்ற குழப்பத்தில். ஒரு தாளின் மேல்முனையில் பென்சிலில் அம்புக்குறி போட்டு ட்ரேயில் வைத்து ஒரு பக்கம் அச்சடியுங்கள். அம்பு எந்தப் பக்கம், எந்த முனையில் வந்தது என்று பார்த்து பிரிண்டர் மேலேயே ஒட்டி வையுங்கள், இனி யாரும் குழம்ப வேண்டாம். முதலில் ஒற்றைப்படை, பிறகு இரட்டைப்படை. மொத்தம் 7 பக்கம் என்றால் 7-ஆம் பக்கத் தாளைத் தனியே எடுத்துவிட்டுத்தான் மறுபக்கம் போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். லேசரில் முதல் சுற்று முடிந்த தாள் சூட்டில் வளைந்திருக்கும். பத்து நிமிடம் ஒரு புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போட்டால் சிக்காது.

ஒருபக்கம் பயன்படுத்திய தாளில் ஸ்டேப்ளர் பின் இருந்த ஓட்டை, மடித்த முனை, ஸ்டிக்கர், ஒயிட்னர் இருந்தால் உள்ளே விடாதீர்கள். பின் ஒன்று உள்ளே போனால் டிரம் கீறும். இங்க்ஜெட்டுக்கான போட்டோ பேப்பரையும் இங்க்ஜெட்டுக்கான ஓ.எச்.பி. ஷீட்டையும் லேசரில் போடவே கூடாது, பூச்சு உருகி ஃப்யூசரில் ஒட்டும். கட்டுப் பிரித்த ரீமை அதன் உறையிலேயே சுற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் சுருளும், சித்திரையில் காய்ந்தால் இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு போகும். பின்புற ட்ரே எப்போதும் மூடியிருக்கட்டும். பல்லி, கரப்பான், பிள்ளைகளின் பேனா மூடி, ஹேர்பின் எல்லாம் விழும் இடம் அது. ‘பேப்பர் ஜாம்’ என்று சர்வீசுக்குப் போகும் பிரிண்டர்கள் பலவற்றிலிருந்து வெளியே வருவது இவைதான்.

போகும் வழி

லேசர், ஜெராக்ஸ் தாளை மறுசுழற்சி ஆலையில் சுலபமாக வெளுக்க முடியும். கூழில் காற்றுக் குமிழ் விடும்போது தண்ணீரோடு ஒட்டாத டோனர் துகள் குமிழோடு மேலே மிதந்து வந்துவிடும். இங்க்ஜெட்டின் நீர் மை அப்படி வராது, கூழையே சாயமாக்கிவிடும். அதனால் வெள்ளைத் தாளாகத் திரும்ப வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்துக் கட்டுவது நல்லது. பழைய பேப்பர் கடையில் வெள்ளைத் தாளுக்கு நியூஸ்பேப்பரைவிட வேறு விலை இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஏ.டி.எம். சீட்டு, பஸ் டிக்கெட், கடை பில் போன்ற தெர்மல் தாளை மட்டும் கலக்காதீர்கள். அதன் மேல்பூச்சு ரசாயனம் கூழோடு கலந்து அடுத்த தாளிலும் வரும்.

எடைக்குப் போட்ட ஏ4 தாள் எல்லாமே ஆலைக்குப் போவதில்லை. கொஞ்சம் டீக்கடைக்கும் போகும், வடையும் போண்டாவும் மடிக்க. அச்சடித்த தாளில் எண்ணெய்ப் பலகாரம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பலமுறை எச்சரித்தும் நிற்கவில்லை. அதில் யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவோ, பேங்க் ஸ்டேட்மென்டோ இருக்கவும் கூடும். பெயரும் எண்ணும் இருக்கும் தாளைக் கிழித்து, நனைத்து, தொட்டி மண்ணிலோ மக்கும் குப்பையிலோ போட்டுவிடுங்கள்.

பிரிண்டரைக் கொடுக்கும்போது முதலில் ஃபேக்டரி ரீசெட், வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதில் இருக்கும். டேங்கில் மை மிச்சம் இருந்தால் அதே மை போடும் பிரிண்டர் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். சிங்கில் ஊற்ற வேண்டாம். கார்ட்ரிட்ஜ் என்றால் எச்.பி.யின் பிளானட் பார்ட்னர்ஸ் போன்ற திரும்பப் பெறும் திட்டத்தில் சேர்க்கலாம். இயந்திரத்தை அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடமே கொடுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதற்கு முன் ஒரு சர்வீஸ்காரரிடம் காட்டுங்கள். ஓடாத பிரிண்டரானாலும் அடாப்டர், ஸ்கேனர் கண்ணாடி, தாள் இழுக்கும் ரோலர், மோட்டார் எல்லாம் இன்னொரு பிரிண்டரை ஓட வைக்கும். சர்வீஸ்காரர்கள் அதை டோனர் பிரிண்டர் என்றால் ஒரு விலைக்கும், ஹெட் செத்த இங்க்ஜெட் என்றால் இன்னொரு விலைக்கும் எடுத்துக்கொள்வார்கள். பேட் மட்டும் நிறைந்த பிரிண்டர் என்றால் கொடுக்காதீர்கள், அது இன்னும் ஓடும்.